பாட்டுல 'ஸ்' மட்டும் காதைக் குத்துதா? வீட்டு ஸ்டுடியோ பாடகர்களுக்கு ஈஸி டிப்ஸ்!

திருச்சி கே.கே. நகர்ல, வீட்டு மாடி ரூமிலேயே மைக் மாட்டி, ஸ்ரீரங்கம் பெருமாள் மேல ஒரு பாட்டு ரெக்கார்டு பண்றீங்கன்னு வெச்சுக்கலாம். சுருதி சுத்தம், தாளம் பக்கா. ஆனா, இயர்போன்ல கேட்டா 'ஸ்ரீ' வர்ற இடமெல்லாம் ஊசி மாதிரி குத்துது. கேட்கிறவங்க அடுத்த பாட்டுக்குத் தாவ இது போதும். இந்தச் சீறலுக்குப் பேர் 'சிபிலன்ஸ்'.

ஏன் வருது?

நாக்கை ஒட்டிய சின்ன இடைவெளியில் காற்று சீறிப் பாயும்போது பிறப்பவை ஸ, ஷ ஒலிகள். இவற்றின் அதிர்வெண் பெரும்பாலும் 4,000 முதல் 10,000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். ஆண் குரலில் கொஞ்சம் கீழே, பெண் குரலில் கொஞ்சம் மேலே. 'நம்ம பாட்டுல ஸ-வே இல்லையே'ன்னு சொல்லாதீங்க. 'சின்ன', 'சிரிப்பு'ன்னு எழுதினாலும், பெரும்பாலும் ஸ மாதிரிதானே பாடுறோம்!

மைக்கிலேயே பாதி வைத்தியம்

வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்க. மைக்கை நேருக்கு நேர் வைக்காம, லேசா பக்கவாட்டில் திருப்புங்க. பாப் ஃபில்டர் தடுப்பது 'ப' சொல்லும்போது வர்ற காற்றடியை. ஸ-வுக்கு அதை மட்டும் நம்பாதீங்க.

மிக்ஸிங்கில் என்ன செய்யணும்?

கம்ப்ரஸர் போட்டதும் 'ஸ்' கூடிப்போச்சா? அது சத்தமான உயிரொலிகளை அமுக்கும்; 'ஸ்' பெரும்பாலும் தப்பிச்சுடும். பிறகு மொத்த வால்யூமை ஏத்தும்போது அதுவும் சேர்ந்து ஏறிடும். இதுக்காக ஈக்வலைஸரில் ட்ரெபிளைக் குறைச்சா, குரல் முழுசுமே போர்வைக்குள்ள இருந்து பாடுற மாதிரி மங்கிடும்.

இங்கேதான் டி-எஸ்ஸர் கைகொடுக்கும். 'ஸ்' வர்ற நொடியில் மட்டும் அமுக்கிட்டு, உடனே விட்டுடும். குத்துற வரியை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, எந்த ஹெர்ட்ஸில் குத்துதுன்னு தேடிப் பிடிங்க. அங்கே 3 முதல் 6 டெசிபல் வரை குறைச்சுப் பாருங்க. ரிவெர்ப் போடுறதுக்கு முன்னாடியே இதை முடிச்சுடுங்க. இல்லேன்னா ஒவ்வொரு 'ஸ்'ஸும் எதிரொலிச்சுக்கிட்டே இருக்கும்.

உங்க மொபைல் ஆப்ல டி-எஸ்ஸர் இல்லையா? அந்த எழுத்தை மட்டும் துண்டா வெட்டி, வால்யூமைக் குறைங்க. நேரம் பிடிக்கும். ஆனா, குரலோட இயல்பு கெடாது.

முழுசா அழிச்சுடாதீங்க!

பழைய லேண்ட்லைன் போன்கள் சுமார் 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலான ஒலியைக் கடத்தாது. அதனாலதான் ஸ்பெல்லிங் சொல்லும்போது, "எஸ்ஸா, எஃப்பா?"ன்னு கேட்க வேண்டியிருந்தது. சொல் தெளிவா விழ அந்தச் சீறல் தேவை. ஒரேயடியா அமுக்கினா, நீங்க பாடின 'சொல்லை' கேட்கிறவங்களுக்குத் 'தொல்லை'யா விழும்!

நாள் முழுக்கக் கேட்ட காதை நம்பாதீங்க. மறுநாள் காலையில், குறைஞ்ச வால்யூமில், விலை குறைவான இயர்போனில் கேளுங்க. காதும் கூசாம, வார்த்தையும் புரிஞ்சா, தைரியமா அப்லோடு பண்ணலாம்.