உங்களுக்குத் தெரியுமா? கிண்ணத்துக்குள் தென்கிழக்கு ஆசியா

■ மியான்மரின் காலைச் சாப்பாடு மொஹிங்கா. கெளுத்தி மீனை வேகவைத்து உதிர்த்து, எலுமிச்சைப்புல், இஞ்சி, பூண்டு சேர்த்துக் கொதிக்கவிடுவார்கள். வறுத்த அரிசி மாவோ கடலை மாவோ கரைத்து ஊற்றினால் குழம்பு கெட்டிப்படும். நறுக்கிய வாழைத்தண்டும் அதிலேயே வேகும். அரிசி நூடுல்ஸ் மேல் சூடாக ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, கொத்தமல்லி தூவி, மொறுமொறுப்பான சுரைக்காய் பஜ்ஜியை நொறுக்கிப் போட்டால் தயார். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸோடு இதையும் வடசென்னைத் தெருக்கடைகளுக்குக் கொண்டுவந்தார்கள்.

■ கம்போடியாவின் நும் பான்சொக், தாய்லாந்தின் கனோம் சீன் இரண்டுக்கும் ஊறவைத்து அரைத்த அரிசி மாவை இடியாப்பம் போலவே பிழிவார்கள். ஆனால் வேகவைப்பது ஆவியில் அல்ல. கொதிக்கும் நீருக்குள் நேராகப் பிழிவார்கள்.

■ தாய்லாந்தின் பத் தாய் நூடுல்ஸ் பரவியதில் அரசுக்கும் பங்குண்டு. 1938 முதல் 1944 வரை பிரதமராக இருந்த பிபுன் சொங்கிராம், நூடுல்ஸ் சாப்பிடும்படி மக்களை ஊக்குவித்தார். பத் தாயின் புளிப்பு நமக்குப் பழகிய புளியிலிருந்தே வருகிறது.

■ வியட்நாமின் நூடுல்ஸ் சூப்பான ஃபோ வடக்கே பிறந்தது. 1954-இல் நாடு பிரிந்தபோது தெற்கே குடியேறியவர்களால் அங்கும் பரவியது. தெற்கத்தி ஃபோவில் முளைகட்டிய பயறும் திருநீற்றுப்பச்சிலையும் தாராளமாக விழும். வடக்கே ஹனோயில் வெங்காயத்தாள் போதும்.

■ மலேசியாவின் மீ கோரெங் மாமாக்கில் மஞ்சள் நூடுல்ஸ் சீனர்களுடையது; அதை மிளகாய் விழுது, உருளைக்கிழங்கு, டோஃபு சேர்த்துக் காரசாரமாக வதக்கியவர்கள் தமிழ் முஸ்லிம் கடைக்காரர்கள்.