எத்தனை பேருக்கு எத்தனை அங்குலம்?

புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்த காலத்தில், நவராத்திரி நாட்களில் அரிசி வாங்க வருகிறவர்களுக்கு அரிசியோடு ஆளுக்கு ஓர் அம்மன் காசும் கொடுப்பது வழக்கம். ஒரு பக்கம் பிரகதாம்பாள் உருவமும், மறுபக்கம் ‘விஜய’ என்ற எழுத்துக்களும் பொறித்த சின்னஞ்சிறு செப்புக் காசு அது. அணாவில் இருபதில் ஒரு பங்குதான் அதன் மதிப்பு. சமஸ்தானம் 1948-ல் இந்திய யூனியனோடு இணைந்துவிட்டது. அம்மன் காசும் சரித்திரத்தில் சேர்ந்துவிட்டது.

காசைப் பங்கிடுவது சுலபம். ஆளுக்கு ஒன்று என்று எண்ணிக் கொடுத்துவிடலாம். கேக்கைப் பங்கிடுவதில்தான் நம் வீட்டு அம்மாள்மார் திண்டாடிப் போகிறார்கள்!

குழந்தையின் பிறந்த நாள். இருபது பேர் வருவதாக எண்ணியிருந்தீர்கள்; இருபத்து நாலு பேர் வந்து நிற்கிறார்கள். கேக் எல்லோருக்கும் எட்டவில்லை. யாருடைய துண்டு குறையும் என்று நினைக்கிறீர்கள்? “எனக்கு வேண்டாம், பல் வலி” என்று சொல்லிவிட்டு, காலித் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போகிறாரே, காலை முதல் அடுப்படியில் நின்று கேக் செய்தவர், அவருடையதுதான்.

இவ்வளவு சங்கடமும் எங்கிருந்து வருகிறது தெரியுமா? டின்னின் அகலத்தை அங்குலத்தில் பார்த்து ஏமாந்து போவதிலிருந்துதான். 6 அங்குல வட்ட டின்னுக்குச் சொன்ன அளவை இரட்டித்தால் 12 அங்குல டின்னுக்குச் சரியாக இருக்கும் என்று நினைத்து, கலவையை ஊற்றிப் பாருங்கள். கேக் வராது, அடைதான் வரும்! 12 அங்குல டின்னுக்கு இரண்டு மடங்கு போதாது, நாலு மடங்கு வேண்டும்.

வட்ட டின்களை ஒப்பிடப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாரைத் தேடிப் போக வேண்டியதில்லை. அங்குலத்தை அதே எண்ணால் பெருக்குங்கள், போதும். 6-க்கு 36; 8-க்கு 64; 10-க்கு 100. அதாவது, 6 அங்குலமும் 8 அங்குலமுமாக இரண்டு கேக் செய்தால், அது ஒரு 10 அங்குல கேக்குக்குச் சமம். பெரிய டின் இல்லாத வீட்டில் இந்த ஒரு கணக்கு ஆபத்பாந்தவனாக வந்து நிற்கும். சதுர டின்னில் மூலைகளும் சேருவதால் கேக் சற்று அதிகம். 8 அங்குலச் சதுரமும் 9 அங்குல வட்டமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இனி சாமான் கணக்குக்கு வருவோம். மைதா, வெண்ணெய், சர்க்கரை ஒவ்வொன்றிலும் 250 கிராம், முட்டை ஐந்து. இது 2 அங்குல உயரமுள்ள 8 அங்குல வட்ட டின்னுக்குப் பொருத்தமான அளவு. டின்னில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கலவை போகக் கூடாது. உப்பி எழும்ப இடம் வேண்டாமா? 10 அங்குல டின்னானால் ஒவ்வொன்றிலும் 400 கிராம், முட்டை எட்டு. ஆதனக்கோட்டை முந்திரி சேர்க்கிறவர்கள் அதை மைதாவில் புரட்டிப் போட்டால் அடியில் போய்த் தங்காது. முந்திரி விற்கிற விலையில் அது எல்லார் துண்டிலும் தென்பட வேண்டாமா?

10 அங்குல கேக்கை 24 பேருக்கு வெட்ட ஒரு யுக்தி உண்டு. நடுவில் 6 அங்குல மூடி ஒன்றைக் கவிழ்த்து, அதைச் சுற்றிக் கத்தியால் ஒரு வட்டம் போடுங்கள். வெளி வளையத்தை 16 துண்டாகவும், உள் வட்டத்தை 8 துண்டாகவும் வெட்டுங்கள். எல்லாத் துண்டும் ஏறக்குறைய ஒரே அளவாக, ஐம்பது அறுபது கிராம் எடையில் இருக்கும். மையத்திலிருந்து முக்கோணமாக வெட்டினால் இருபத்து நாலாவது துண்டு ஈர்க்குச்சி மாதிரிதான் வரும்!

“அவ்வளவு சின்னத் துண்டா?” என்று முகம் சுளிக்காதீர்கள். நம் வீடுகளில் கேக் மட்டும் வைத்து யாரை அனுப்புகிறோம்? பக்கத்திலேயே வடை, மிக்சர், காப்பி எல்லாம் இருக்கின்றன. கேக்கே பிரதானம் என்றால் மட்டும் ஆளுக்கு நூறு கிராம் வேண்டும். பேக்கரியில் ஒரு கிலோ கேக் வாங்கினால் பத்துப் பேருக்கு என்பது அந்தக் கணக்கில்தான்.

இராயவரம், கோனாபட்டுப் பக்கம் செட்டிநாட்டு வீடுகளில் போல நூறு பேருக்கு இலை போடுகிற விசேஷமா? ஒரே பெரிய கேக்குக்கு ஆசைப்படாதீர்கள். வீட்டு அவனில் டின்னைச் சுற்றி நாலு பக்கமும் ஓர் அங்குலமாவது இடைவெளி வேண்டும், அனல் சுற்றி வருவதற்கு. டின் அகலமாக ஆக, ஓரம் காய்ந்து போன பிறகும் நடுவில் மாவு வேகாமல் நிற்கும். அதற்கு 13-க்கு 9 அங்குல நீள டிரேதான் உத்தமம். இது 12 அங்குல வட்டத்துக்குக் கொஞ்சம் கூடவே கொள்ளும். குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு நாலுக்கு ஆறாக 24 துண்டு கண்ணை மூடிக்கொண்டு வெட்டலாம். நாலு டிரே செய்தால் 96 துண்டு. முதல் நாளே இரண்டு செய்து, நன்றாக ஆறவிட்டு மூடி வைக்கலாம். மறுநாள் வெட்டும்போது உதிராது.

ஆள் எண்ணும்போது எதிர் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதையும், வேலைக்கு வருகிற அம்மாளின் குழந்தைகளையும் மறந்துவிடாதீர்கள். பத்துப் பேருக்கு ஒன்று வீதம் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டு, பிறகு டின்னைத் தேர்ந்தெடுங்கள். வெட்டி முடித்ததும் முதல் காரியமாக, உங்கள் துண்டை ஒரு கிண்ணத்தில் போட்டு மூடி, அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிடுங்கள். குழந்தைகளுக்கு எட்டாத தட்டாக இருக்கட்டும். வீட்டுக்காரருக்கும் எட்டாததாக இருந்தால் இன்னும் விசேஷம்!