மாம்பழச்சிட்டு

மாம்பழச்சிட்டு என்பது மஞ்சளும் கருப்பும் கலந்த நிறமுடைய, மரங்களில் வாழும் ஒரு சிறிய பாடும் பறவையாகும். இதன் அறிவியல் பெயர் எகிதினா டிபியா. சுவீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயசு 1758 ஆம் ஆண்டில் இதனை முதலில் வகைப்படுத்தினார். எகிதினிடே என்னும் சிறிய குடும்பத்தைச் சேர்ந்த இப்பறவை, இந்தியா, இலங்கை முதல் தென்கிழக்காசியாவின் சாவகம், போர்னியோ வரை காணப்படுகிறது. வலசை போகாமல் ஆண்டு முழுவதும் ஒரே பகுதியில் தங்கி வாழும்.

தோற்றம்

சிட்டுக்குருவியின் அளவே இருக்கும். நீளம் ஏறத்தாழ 14 செ.மீ. கூடு கட்டும் பருவத்தில் ஆணின் தொண்டையும் மார்பும் பளிச்சென்ற மஞ்சளாக இருக்கும். இறக்கையும் வாலும் கருப்பு. தென்னிந்தியாவில் தலையும் முதுகும்கூடப் பெரிதும் கருத்துவிடும். இறக்கையில் இரண்டு வெள்ளைப் பட்டைகள் உண்டு. பருவம் முடிந்தபின் ஆணின் தலையிலும் முதுகிலும் கருமை குறைந்து பச்சை படரும். அப்போதும் வாலைப் பார்த்து இனம் காணலாம்: ஆணுக்குக் கருப்பு வால், பெண்ணுக்குப் பசுமை கலந்த வால். பெண் பறவை மேலே பச்சையும் கீழே வெளிர்மஞ்சளுமாக இருக்கும்.

மஞ்சள் நிறத்தால் இதனை மாங்குயில் என்று எண்ணுவோர் உண்டு. மாங்குயில் ஏறத்தாழ மைனா அளவுள்ள பெரிய பறவை. அதன் அலகு இளஞ்சிவப்பு. மாம்பழச்சிட்டின் அலகு நீலங்கலந்த சாம்பல் நிறமுடையது.

வாழிடம்

அடர்ந்த காட்டைவிடத் திறந்த மரக்காடு, முட்புதர், தோப்பு, வீட்டுத் தோட்டம் ஆகியவற்றையே இது விரும்பும். விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சி, தொண்டூர்ப் பகுதிகளின் பாறைக் குன்றுகளும், அவற்றின் அடிவாரப் புதர்களும், சாலையோரப் புளிய மரங்களும், வேம்பும் இதற்கு ஏற்ற இடங்கள்.

பழக்கங்களும் குரலும்

பெயரில் மாம்பழம் இருந்தாலும் இதன் முதன்மை உணவு பூச்சிகளும் கம்பளிப்புழுக்களும் சிலந்திகளுமே. இணையாகவோ, பிற சிறு பறவைகளுடன் சேர்ந்தோ கிளை கிளையாகத் தாவி இரை தேடும். இலையின் அடிப்புறத்தில் உள்ள புழுவை எடுக்கத் தலைகீழாகவும் தொங்கும்.

இலைகளின் நிறத்தோடு இதன் நிறம் ஒன்றிவிடுவதால் கண்ணுக்கு எளிதில் படாது. குரலைக் கேட்டு அறிவதே எளிது. "வீஈஈ" என்று நீண்டு, திடீரெனத் தாழ்ந்து முடியும் சீழ்க்கை ஒலி இதற்கே உரியது. வேறு பல ஒலிகளையும் எழுப்பும்.

இனப்பெருக்கம்

பெண்ணைக் கவர ஆண் பறவை மேலே பாய்ந்து, இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு, பந்துபோல் சுழன்று இறங்கும். அமர்ந்ததும் வாலை விரித்து, இறக்கைகளைத் தொங்கவிடும். புல்லால் சிறு கிண்ணம்போல் கூடு அமைத்து, சிலந்தி நூலால் கிளைக் கவட்டில் பிணைக்கும். 2 முதல் 4 முட்டைகள் இடும். ஆணும் பெண்ணும் மாறிமாறி அடைகாக்க, ஏறத்தாழ 14 நாள்களில் குஞ்சுகள் வெளிவரும். காகம், செம்போத்து, பாம்பு, ஓணான் ஆகியவை முட்டைகளுக்கும் குஞ்சுகளுக்கும் எதிரிகள்.

பாதுகாப்பு

உலக அளவில் இது அழிவாய்ப்புக் குறைந்த இனமாகவே மதிப்பிடப்பட்டுள்ளது. ஆனால் ஓர் ஊரில் இது நிலைத்திருப்பது அவ்வூரின் மரங்களையும் புதர்களையும் பொறுத்தது. முட்புதர் நிலத்தைப் பயனற்ற தரிசு என்று கருதி முழுவதும் வழித்துவிடுவதும், வயலோர உயிர்வேலியை எடுத்துவிட்டுக் கம்பிவேலி போடுவதும் கூடு கட்டும் இடத்தைப் பறிக்கும். பூச்சிக்கொல்லி தெளித்தால் இரையும் குறையும். குஞ்சுகளுக்கு ஊட்டுவது புழுக்களையே என்பதால், இப்பறவை தங்கும் தோப்பில் உழவருக்கும் நன்மை உண்டு. வேலியோரத்தில் நான்கு மரங்களையும் சிறிது புதரையும் விட்டுவைத்தாலே இதற்கு இடம் கிடைக்கும்.