நீருக்குள் மறைந்திருக்கும் வலைகள்

மலையகத்தின் நீர்த்தேக்கங்கள் மின் உற்பத்திக்காக அமைக்கப்பட்டவை. 1960களில் கெஹெல்கமு ஓயாவை மறித்துக் காசல்ரீயும் மஸ்கெலி ஓயாவை மறித்து மவுஸ்ஸாக்கலையும் உருவாக்கப்பட்டன. இன்று அதே நீரில் நன்னீர் மீன்பிடியும் நடைபெறுகின்றது. உல்லாசப் படகுகளும் ஓடுகின்றன. இவ்விரண்டும் ஒரே பரப்பில் சந்திக்கும்போது எழும் ஆபத்தொன்றை நாம் போதியளவு கவனத்திற் கொள்வதில்லை. முறையான அடையாளமின்றி விரிக்கப்படும் வலைகளே அந்த ஆபத்து.

நைலோன் செவுள் வலை நீருக்குள் கண்ணுக்குப் புலப்படாது. அது இருக்குமிடத்தைக் காட்டுவது மிதவை மாத்திரமே. அந்த மிதவை வெற்றுப் பிளாஸ்டிக் போத்தலாகவோ பாதி அமிழ்ந்த கறுப்புக் கலனாகவோ இருந்தால், பனிமூட்டத்தில் படகோட்டி அதைக் காணும்போது காலம் கடந்திருக்கும். வலைக்கயிறு இயந்திரத்தின் சுழல்விசிறியில் சுற்றிக்கொண்டால் இயந்திரம் நின்றுவிடும். படகு பின்புறத்தால் கட்டுண்டு நிற்க, காற்றில் எழும் அலைகள் அதன் தாழ்ந்த பின்பகுதியூடாக உட்புகும். கயிற்றை அறுக்கக் குனிபவர் குளிர்ந்த நீரில் தவறி விழலாம். துடுப்புப் படகு கவிழ்ந்தாலோ, நீந்தத் தெரிந்தவரின் கால்களும் வலையில் சிக்கலாம்.

மலையகத்திற்கே உரிய மற்றொரு காரணமும் உண்டு. மின் உற்பத்திக்காக நீர் திறக்கப்படுவதால் இங்கு நீர்மட்டம் பெரிதும் ஏறி இறங்குகின்றது. நிறைந்த நீருக்கேற்ப அளந்து கட்டிய கயிறு, மட்டம் தாழ்ந்ததும் தளர்ந்து மேற்பரப்பில் மிதக்கின்றது. மவுஸ்ஸாக்கலையில் நீர் வற்றும்போது, மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரின் கோவிலும் பள்ளிவாசலும் விகாரையும் வெளித்தெரிவதை நாம் அறிவோம். இத்தகைய இடிபாடுகளிலும் மரக்கட்டைகளிலும் சிக்கிக் கைவிடப்படும் வலைகள், உரிமையாளர் இன்றியே தொடர்ந்து மீன்களைக் கொல்கின்றன.

இது எமது நாட்டுக்கு மட்டும் உரிய பிரச்சினையன்று. பிரித்தானியக் கரையோரங்களில் நண்டு, சிங்க இறால் கூடுகளின் மிதவைகள் குறித்துப் பாய்க்கப்பல் ஓட்டுவோர் நெடுங்காலமாக முறையிட்டு வந்துள்ளனர். 150 மீற்றருக்கு மேல் வலை நீண்டிருந்தால், மீன்பிடிக் கலம் அத்திசையில் அதற்கெனத் தனி அடையாளம் காட்ட வேண்டுமென 1972 ஆம் ஆண்டின் சர்வதேச கடல் மோதல் தடுப்பு விதிகள் கூறுகின்றன. மீன்பிடி உபகரணங்களை அடையாளமிடுவதற்கான தன்னார்வ வழிகாட்டிகளை ஐக்கிய நாடுகள் உணவு, விவசாய அமைப்பின் மீன்பிடிக் குழு 2018 இல் ஏற்றுக்கொண்டது.

இதற்காக மீனவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. படகு அறுத்துச் செல்லும் வலை அவரது முதலீடு. தோட்டக் குடும்பங்களுக்கு இம்மீன் மலிவான புரதம். மிதவை பளிச்செனத் தெரிந்தால் வலை திருடப்படும் என்ற அச்சம் ஒருபுறம். அனுமதியின்றி விரித்தவர் அதை மறைக்கவே விரும்புவார் என்பது மறுபுறம். ஆகவே அனுமதிப்பத்திரம் பெறுவதை இலகுவாக்குவதே முதற்படியாகும்.

1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டம் உள்நாட்டு நீர்நிலைகளுக்கும் பொருந்தும். நீர்த்தேக்கங்களில் மீன்குஞ்சு விடும் நக்டா நிறுவனமும் உள்ளூராட்சி சபைகளும் மீனவர் சங்கங்களும் படகுச் சேவையாளரும் ஓரிடத்தில் அமர்ந்து பேசினால் தீர்வு தொலைவில் இல்லை. வலையின் இரு முனைகளிலும் பதிவிலக்கமிட்ட செம்மஞ்சள் மிதவைகள், அமிழ்ந்து நிற்கும் கயிறு, வலை விரிக்கப்படாத படகுப் பாதை ஆகியவை பெருஞ்செலவு கோருபவை அல்ல. படகோட்டிகளும் தம் பங்கிற்கு அனைவருக்கும் உயிர்காப்பு அங்கி அணிவிக்க வேண்டும். கயிறறுக்கும் கத்தியொன்றை வைத்திருக்க வேண்டும். பனிமூட்டத்திலும் இருளிலும் ஓடுவதைத் தவிர்க்க வேண்டும்.

உயிரிழப்பொன்றின் பின்னர் விசாரணைக் குழு அமைப்பது எமக்குப் பழகிய வழக்கம். அதற்கு முன்னரே சில மிதவைகளுக்கு வண்ணம் தீட்டுவது அதைவிட அறிவுடைய செயலாகும்.