வாக்கிங்ல நாய் இழுத்துக்கிட்டு ஓடுதா? எந்த பெல்ட் வாங்கலாம்... எதைத் தொடவே கூடாது? முழு விளக்கம்!

காலை 6 மணி. பழைய வண்ணாரப்பேட்டையின் குறுகலான தெரு ஒன்றில் முன்னால் நாய் பாய்கிறது. பின்னால் கயிற்றைப் பிடித்தபடி ஓட்டமும் நடையுமாக வருகிறார் அதன் உரிமையாளர். "யார் யாரை வாக்கிங் கூட்டிட்டுப் போறாங்கன்னே தெரியலையே" என்று டீக்கடையில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள்.

பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் இது சின்ன விஷயம் இல்லை. எம்.சி. ரோடு போன்ற நெரிசலான கடைவீதி ஒரு பக்கம், கன்டெய்னர் லாரிகள் ஓடும் எண்ணூர் விரைவுச் சாலை மறுபக்கம் என இருக்கும் வடசென்னையில், கயிறு ஒரு நொடி கையை விட்டு நழுவினால் நாயின் உயிரும் போகலாம், எதிரே வரும் குழந்தைக்கும் ஆபத்து வரலாம்.

அதனால்தான் பலரும் கடைக்குப் போய், "இழுக்காம இருக்க ஏதாவது குடுங்க" என்று கேட்கிறார்கள். கடையில் பத்து வகை இருக்கும். எதை வாங்குவது?

மாநகராட்சி விதி என்ன சொல்கிறது?

2024 மே மாதம் ஆயிரம் விளக்கு பகுதியில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில், 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறிய சம்பவம் சென்னையையே உலுக்கியது. அதன் பிறகு, பொது இடத்துக்குக் கூட்டி வரும் வளர்ப்பு நாய்க்குக் கழுத்துப்பட்டையுடன் கயிறும், வாய்மூடியும் கட்டாயம் என்பதை மாநகராட்சி கறாராக வலியுறுத்தத் தொடங்கியது.

2025-ல் உரிமத்துடன் மைக்ரோசிப்பும் கட்டாயமாக்கப்பட்டது. உரிமக் கட்டணம் 50 ரூபாய்தான். உரிமம் இல்லாவிட்டால் அபராதம் 5,000 ரூபாய். வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்ட சான்று இல்லாமல் உரிமம் கிடைக்காது.

இது தவிர, நாயால் மற்றவர்களுக்கு ஆபத்து வரும் அளவுக்கு உரிமையாளர் அலட்சியமாக இருந்தால், பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

நாய் ஏன் இழுக்கிறது?

"திமிர்" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. நாயின் இயல்பான நடை நம் நடையை விட வேகம். நாள் முழுக்க ஒண்டுக் குடித்தனத்திலோ அடுக்குமாடி வீட்டிலோ அடைந்து கிடந்த நாய்க்கு, வெளியே வந்ததும் மீன் வாசனை, தெரு நாய், ஆட்டோ சத்தம் என்று எல்லாமே புதிது.

இன்னொரு காரணம் நாம்தான். நாய் இழுக்கிறது, நாமும் பின்னாடியே போகிறோம். "இழுத்தா போக வேண்டிய இடத்துக்குப் போயிடலாம்" என்று அது கற்றுக்கொள்கிறது. அதாவது, இழுக்கச் சொல்லிக் கொடுத்ததே நாம்தான்.

எந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது?

1. சாதாரண கழுத்துப்பட்டை: இழுக்காத நாய்க்கு இது போதும். உரிம வில்லையை மாட்டவும் வசதி. ஆனால் இழுக்கும் நாய்க்கு மொத்த விசையும் தொண்டையில் விழும். இருமல், மூச்சுத்திணறல் வரலாம். 26 நாய்களை வைத்து நடத்தி 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், கழுத்துப்பட்டையோடு இழுக்கும்போது கண்ணின் உள்அழுத்தம் உயர்ந்தது. ஹார்னஸ் போட்டு இழுத்தபோது அப்படி உயரவில்லை. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

2. முதுகில் கொக்கி உள்ள ஹார்னஸ்: கழுத்துக்குப் பாதுகாப்பு. ஆனால் இழுப்பதை நிறுத்தாது. பனிப் பிரதேசங்களில் வண்டி இழுக்கும் நாய்களுக்கு மாட்டுவதும் இதே மாதிரி அமைப்புதான். நெஞ்சு முழுவதும் பலம் கொடுத்து இன்னும் ஜோராக இழுக்கும்!

3. நெஞ்சில் கொக்கி உள்ள ஹார்னஸ்: இழுக்கும் நாய்க்கு முதலில் முயல வேண்டியது இதுதான். நாய் முன்னால் பாய்ந்தால், கொக்கி நெஞ்சில் இருப்பதால் அதன் உடல் பக்கவாட்டில், உங்களை நோக்கித் திரும்பிவிடும். வலி இல்லாமலே வேகம் குறையும். அக்குளில் உரசாத அளவாகப் பார்த்து வாங்க வேண்டும்.

4. முகத்தில் மாட்டும் ஹால்ட்டர்: குதிரைக்கு மாட்டுவது போல மூக்கின் மேல் ஒரு பட்டை வரும். தலை திரும்பினால் உடலும் திரும்பும் என்பதுதான் கணக்கு. வயதானவர் பெரிய நாயைப் பிடிக்க உதவும். ஆனால் வெடுக்கென்று சுண்டி இழுத்தால் கழுத்தில் அடிபடும். பழக்கவே சில நாட்கள் ஆகும். சப்பை மூக்கு நாய்களுக்கு இது நிற்காது. முக்கியமாக, இது வாய்மூடி கிடையாது.

5. மார்ட்டிங்கேல் பட்டை: சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்கள் இதைக் கவனிக்கவும். இந்த நாய்களுக்குத் தலை ஒல்லி, கழுத்து அதைவிட அகலம். சாதாரண பட்டையிலிருந்து பின்பக்கமாகத் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். மார்ட்டிங்கேல் பட்டை ஓரளவு மட்டும் இறுகி, அதற்கு மேல் இறுகாமல் நின்றுவிடும்.

தவிர்க்க வேண்டியவை எவை?

• இறுக்கும் சங்கிலி, முள் பட்டை, ஷாக் பட்டை: இவை வலியால் வேலை செய்கின்றன. தெருவில் இன்னொரு நாயைப் பார்க்கும்போதெல்லாம் கழுத்து வலித்தால், "அந்த நாய் வந்தாத்தான் வலிக்குது" என்று உங்கள் நாய் முடிச்சுப் போட்டுவிடும். வெறுமனே இழுத்த நாய், பாய்ந்து கடிக்கும் நாயாக மாறக்கூடும். வேல்ஸ் நாடு 2010-லேயே ஷாக் பட்டைக்குத் தடை விதித்துவிட்டது. இந்தியாவில் 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவு, விலங்குக்குத் தேவையற்ற வலி தருவதைக் குற்றம் என்கிறது.

• நீண்டு சுருங்கும் கயிறு: எப்போதும் லேசாக இழுவிசை இருப்பதால், இழுத்தால் நீளும் என்றே நாய் பழகும். பைக் வரும் சந்தில் நாய் பத்தடி முன்னால் போய்விட்டால் பிடிக்கவே முடியாது. 4 முதல் 6 அடி வரை உள்ள சாதாரண நைலான் அல்லது பருத்திக் கயிறு போதும்.

• துணி வாய்மூடி: நாய் பெரும்பாலும் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது. வாயை இறுக்கிக் கட்டும் துணி மூடியோடு சென்னை வெயிலில் நடந்தால் வெப்பத்தாக்கு வந்து உயிரே போகலாம். வாயைத் திறந்து மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் விடும் கூடை வடிவ வாய்மூடியையே வாங்குங்கள்.

கருவி வாங்கினால் போதுமா?

போதாது. எந்த ஹார்னஸும் நடக்கச் சொல்லிக் கொடுக்காது. நீங்கள் சொல்லிக் கொடுக்கும் வரை இருவரையும் பத்திரமாக வைத்திருப்பதுதான் அதன் வேலை. தினமும் 10 நிமிடம் ஒதுக்குங்கள்.

• முதலில் வீட்டுக்குள், பிறகு மொட்டை மாடி, அதன் பிறகு ஆள் இல்லாத நேரத்தில் தெரு. நேராகக் கடைவீதிக்குக் கூட்டிப்போக வேண்டாம்.

• கயிறு இறுகியதும் மரம் மாதிரி நின்றுவிடுங்கள். திட்டவும் வேண்டாம், சுண்டவும் வேண்டாம். நாய் திரும்பிப் பார்த்துக் கயிறு தளர்ந்ததும் நடையைத் தொடருங்கள்.

• பக்கத்தில் ஒட்டி நடக்கும்போதெல்லாம் சின்னத் தீனி கொடுங்கள். உப்பு, மசாலா இல்லாத வேகவைத்த சிக்கன் துண்டு போதும். காசிமேடு பக்கத்தில் இருக்கிறதே என்று கருவாடு கொடுக்காதீர்கள். அதில் உள்ள உப்பு நாய்க்கு ஆகாது.

• எதிரே தெரு நாய் வந்தால் முட்டி மோத வேண்டாம். எதிர்ப்பக்கம் மாறி, தூரத்தை அதிகப்படுத்துங்கள்.

• வீட்டில் ஒருவர் நின்று பழக்க, இன்னொருவர் இழுத்த இழுப்புக்குப் போனால் பலன் இருக்காது. எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும்.

வாங்கும் முன் கவனிக்க...

பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். அதற்கு மேல் தளர்வாக இருந்தால் உருவிக்கொள்ளும். முடிந்தால் நாயைக் கடைக்கே கூட்டிப்போய் மாட்டிப் பாருங்கள். குட்டி வளர வளர அளவு மாறும்.

கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ள வேண்டாம். நாய் பாய்ந்தால் கை முறியலாம். பெரிய நாயைக் குழந்தைகள் கையில் கொடுத்து அனுப்பவே கூடாது.

வெயில் ஏறிய பிறகு புறங்கையைத் தார் ரோட்டில் சில நொடிகள் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும்.

ஒழுங்காக நடந்துகொண்டிருந்த நாய் திடீரென இழுத்தாலோ, உறுமினாலோ, நடக்கும்போது இருமினாலோ பெல்ட் கடைக்குப் போகாதீர்கள், டாக்டரிடம் போங்கள். மாநகராட்சியின் செல்லப்பிராணிகள் சிகிச்சை மையம் திரு.வி.க. நகரில் இருக்கிறது. வேப்பேரியில் 1903 முதல் இயங்கிவரும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் சிகிச்சை உண்டு. வண்ணாரப்பேட்டையிலிருந்து இரண்டுமே தூரம் இல்லை.