உங்களுக்குத் தெரியுமா? விலைக்கு வந்த அருள்வாக்கு

கி.மு. 548-இல் கிரேக்கத்தின் டெல்ஃபியில் அப்பல்லோ கோயில் எரிந்துபோனது. அதைத் திரும்பக் கட்டும் ஒப்பந்தத்தைப் பின்னாளில் எடுத்தவர்கள், ஏதென்ஸிலிருந்து விரட்டப்பட்டிருந்த அல்க்மியோனிட் குடும்பத்தார். ஒப்பந்தப்படி சாதாரணக் கல்லே போதும். அவர்களோ முகப்பைப் பாரோஸ் தீவுப் பளிங்கில் எழுப்பிக் கொடுத்தார்கள். கூடவே, அருள்வாக்குச் சொல்லும் பித்தியா என்ற பூசாரிப் பெண்ணுக்குப் பணமும் கொடுத்தார்கள் என ஏதென்ஸ் மக்கள் சொன்னதை வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் பதிவு செய்திருக்கிறார். அதன்பின் ஸ்பார்ட்டாவிலிருந்து யார் எதைக் கேட்டு வந்தாலும், ஏதென்ஸை விடுவியுங்கள் என்பதே பதில். ஏதென்ஸை அடக்கி ஆண்ட ஹிப்பியாஸ் ஸ்பார்ட்டாவுக்கு நண்பர்தான். ஆனாலும் தெய்வத்தின் சொல்லாயிற்றே! முதலில் போன படை தோற்றது. கி.மு. 510-இல் மன்னர் கிளியோமினீஸ் நடத்திச் சென்ற படை ஹிப்பியாஸை வெளியேற்றியது. உலகம் கொண்டாடும் ஏதென்ஸ் மக்களாட்சி பிறந்தது அதற்குப் பின்தான்.

அதே கிளியோமினீஸ் பிற்காலத்தில் டெல்ஃபியைத் தாமே வளைத்தார். ஸ்பார்ட்டாவில் ஒரே காலத்தில் இரண்டு மன்னர்கள் ஆள்வது வழக்கம். உடன் ஆண்ட டெமரேட்டஸ் உண்மையில் முந்தைய மன்னரின் மகன்தானா என்ற சந்தேகத்தைக் கிளப்பி, வழக்கை டெல்ஃபிக்குப் போக வைத்தார். பெரியல்லா என்ற பூசாரிப் பெண், மகன் இல்லை என்று வாக்குச் சொன்னார். டெமரேட்டஸ் பதவி இழந்து பாரசீகம் போய்ச் சேர்ந்தார். பிறகு சூது வெளிப்பட்டது. பெரியல்லாவின் பதவியும் பறிபோனது. கொடுத்தவர் அரசர், வாங்கியவர் பூசாரி என்ற இந்தக் கூட்டுதான் தெய்வ நம்பிக்கையை உள்ளிருந்து அரித்தது என்பேன்.

ரோமில் சிபிலைன் நூல்கள் என்ற குறிநூல்களைச் செனட் சபை ஆணையிட்டால்தான் திறக்க முடிந்தது. கி.மு. 56-இல், எகிப்திலிருந்து துரத்தப்பட்ட பன்னிரண்டாம் தாலமி மீண்டும் அரியணை ஏற ரோமின் உதவியை நாடி நின்றார். அந்தப் படையெடுப்பின் தலைமை ரோமானியத் தளபதி பொம்பேக்குப் போய்விடுமோ என்று பொம்பேயின் எதிரிகளுக்குக் கவலை. நூல்களைப் பார்த்தார்கள்: எகிப்து அரசருக்கு நட்புக் காட்டலாம், பெரும்படை தரக் கூடாது என்று இருந்ததாம்! அடுத்த ஆண்டே சிரியாவின் ஆளுநர் கபினியஸ் படையோடு போய்த் தாலமியை அரியணையில் அமர்த்திவிட்டார்.

ரோமப் பேரரசர் அகஸ்டஸ் கி.மு. 12-இல் 2,000-க்கும் மேற்பட்ட குறிநூல்களைத் தீயிலிட்டார். சிபிலைன் நூல்களில் மட்டும் தேர்ந்தெடுத்தவற்றை அப்பல்லோ சிலையின் பீடத்துக்கு அடியில் பத்திரப்படுத்தினார். கி.பி. 11-இல், யாருடைய சாவையும் பற்றிக் குறி சொல்லக் கூடாது என்று தடை விதித்தார். தம்முடைய ஜாதகத்தை மட்டும் எல்லோரும் அறிய வெளியிட்டார். தம் ராசியான மகரத்தைக் காசிலும் பொறித்தார்.

அசீரியப் பேரரசர் எசர்ஹாடன் இன்னும் முன்யோசனைக்காரர். அர்பேலா நகரத்து இஷ்தார் தேவியின் அருள்வாக்குகள் தமக்குச் சாதகமாக வந்தபோது அவற்றைக் களிமண் பலகைகளில் எழுதிப் பாதுகாத்தார். கி.மு. 672-இல் மகன் அசுர்பனிபாலை வாரிசாக அறிவித்து, சிற்றரசர்களிடம் சத்தியம் வாங்கினார். வாரிசுக்கு எதிராக யார் பேசினாலும், அருள் வந்து ஆடுபவரே சொன்னாலும், அரண்மனைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது அந்தச் சத்தியத்தில் ஒரு விதி.

அரசர்கள் மட்டுமா? கி.மு. 209-இல் சீனாவில் 900 பேர் கட்டாயக் காவல் பணிக்குப் போகும் வழியில் மழையில் சிக்கினார்கள். தாமதித்தால் மரண தண்டனை. அவர்களில் இருவர் சென் ஷெங், வூ குவாங். சென் ஷெங் அரசனாவான் என்று பட்டுத்துணியில் செந்தூரத்தால் எழுதி, மீன் வயிற்றில் செருகிவைத்தார்கள். மீனை வாங்கிச் சமைக்கப் போனவர்கள் அதைக் கண்டு திகைத்தார்கள். அன்றிரவு வூ குவாங் அருகிலிருந்த கோயிலில் தீ மூட்டி, நரியின் குரலில் அதையே ஊளையிட்டார். அங்கே வெடித்த கலகத்தில் சென் ஷெங் அரசராக முடிசூடினார். ஆறே மாதத்தில் கொல்லப்பட்டார். ஆனால் அவர் மூட்டிய கலகம் அணையவில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் சீனாவை ஆண்ட சின் பேரரசே வீழ்ந்தது.