சுவர் அமைதியாக இருக்கட்டும்!

வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறோம் என்றாலே ஆளுக்கொரு நிறம் சொல்வார்கள். எங்கள் வீட்டில் பையனுக்கு நீலம், மகளுக்கு ரோஸ். நான் மட்டும் எல்லா அறைக்கும் வெளிர் சந்தன நிறம்தான் என்று பிடிவாதமாக நின்றேன். "இதென்ன மன்னி, சத்திரம் மாதிரி?" என்று நாத்தனார் கேலி செய்தாள்.

காரணம் இருக்கிறது. பக்கத்தில் மாடி எழும்பிய பிறகு எங்கள் கூடத்தில் வெளிச்சம் குறைச்சல். அடர்ந்த நிறம் இருக்கிற வெளிச்சத்தையும் விழுங்கிவிடும். வெளிர் நிறம் திருப்பித் தரும். இப்போது பகலில் லைட் போடுவதில்லை.

கடை அட்டையைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். அட்டையில் மெல்லிசாகத் தெரிகிற நிறம் நாலு சுவரிலும் ஏறினால் அழுத்தமாகிவிடும். சின்ன டப்பா ஒன்று வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி அடித்து, காலை, மதியம், இரவு மூன்று வேளையும் பாருங்கள். மஞ்சள் விளக்கில் இதமாயிருக்கிற சந்தனம், வெள்ளை எல்.இ.டி. வெளிச்சத்தில் வெளுத்துப் போகும். வெளிர் சாம்பலும் இப்போது நிறையப் பேர் அடிக்கிறார்கள். மழை நாளில் அது என்னவோ அழுதுவடிகிறது, எனக்குப் பிடிக்காது.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கதவு, நிலை எல்லாவற்றுக்கும் அதே சந்தனத்தை அடித்தால் 'பார்வையாக' இருக்கும் என்றார் பெயிண்டர். நான் ஒப்பவில்லை. என் மாமியாருக்குக் கண்ணில் புரை. எல்லாம் ஒரே நிறமாக இருந்தால், வயசானவர்களுக்குச் சுவர் எங்கே முடிகிறது, வாசல் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. அதனால் நிலைகளுக்கு அடர் காப்பிக்கொட்டை நிறம். ஸ்விட்ச் போர்டைச் சுற்றியும் விரல் அகலத்துக்கு அதே நிறத்தில் ஒரு கோடு. ராத்திரி யாரையும் எழுப்பாமல் தானே பாத்ரூம் போய் வருகிறார். அழகு இரண்டாம் பட்சம்தானே?

கைக்குழந்தை இருக்கிற வீடா? பழைய பெயிண்டைக் காய்ந்தபடியே சுரண்ட விடாதீர்கள். அதில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசி குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்று 2016-ல் விதி வந்து, 2017 நவம்பரில்தான் அமலானது. அதற்கு முந்தின சுவரென்றால் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் வேலை முடிந்து, தரையை ஈரத்துணியால் துடைக்கும்வரை வேறு இடத்தில் இருப்பது நல்லது. கூடத்துக்குக் கழுவக்கூடிய எமல்ஷன் போதும். எண்ணெய்த் தலை சாய்ந்த கறை ஈரத்துணியில் போய்விடும்.

சுவர் அடங்கியிருந்தால் மற்றதெல்லாம் பேசும். சாயம் போகாத பழைய சுங்குடிப் புடவை ஜன்னல் திரையானது. பத்தமடைப் பாய் ஒன்றைச் சுவரில் மாட்டினேன். பித்தளை உருளியில் நாலு செம்பருத்தி மிதக்கவிட்டால் போதும், கூடமே நிறைந்துவிடுகிறது. சத்திரம் என்ற நாத்தனார் நிற நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறாள்.